மெதுவாக மிதித்தால் இறங்கும் பெடல்

கோவை சுந்தராபுரம் சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கிறேன். ஏசி ஓடுகிறது, கியர் நியூட்ரலில் கிடக்கிறது, வலது கால் பிரேக் மேல் இருக்கிறது. முன்னால் ஒரு டவுன் பஸ். சிக்னலில் நாற்பது, முப்பத்தொன்பது என்று எண் குறைந்துகொண்டு வருகிறது. திடீரென்று கால் கீழே போகிற மாதிரி இருந்தது. நான் கூடுதலாக அழுத்தவில்லை. வயல் சேற்றில் நின்றால் பாதம் தானாக அமிழுமே, அப்படி பெடல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலமாவது போயிருக்கும். பதறிப்போய் ஓங்கி அழுத்தினேன், கல் மாதிரி நின்றது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். பழைய உயரத்திலேயே, எதுவுமே நடக்காதது போல, கெட்டியாக இருந்தது.

பச்சை விழுந்தது. வீடு போய்ச் சேரும்வரை பத்து தடவையாவது பிரேக் பிடித்துப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை.

வந்து வந்து போகும் கோளாறில் முதல் தொல்லை இதுதான். நம் கண்ணையும் காலையுமே நாம் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறோம். அதிலும் பிரேக் என்றால் சந்தேகத்தோடு இருக்க முடியாது. பின் சீட்டில் என் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

கதை அதற்கு ஒரு மாதம் முன்னால், மே மாதத்தில், வால்பாறையில் தொடங்குகிறது. என் கார் 2012 மாடல், சின்ன ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. 2018-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் வால்பாறை போகிற வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இரண்டாம் கியரிலேயே ஏறினேன். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று வண்டி ஓட்டப் பழகும்போதே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு இறங்கும்போது மழை வரும்போல இருந்தது, சீக்கிரம் இறங்கிவிடலாம் என்று மூன்றாம் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் வளைவில் இருக்கும் காட்சிமுனையில் நிறுத்தினோம். பாறை மேல் வரையாடுகள் நின்றிருந்தன. பத்து நிமிடம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன். அடுத்த வளைவுக்குப் பிரேக் பிடித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொட்டது.

கைகள் குளிர்ந்துவிட்டன. பெடலை விட்டு விட்டு நாலைந்து முறை வேகமாக மிதித்தேன், கொஞ்சம் பிடிப்பு வந்தது. இரண்டாம் கியர், அப்புறம் முதல் கியர், கைப்பிரேக்கை ஒவ்வொரு பல்லாக ஏற்றி, ஓரமாக நிறுத்தினேன். கைப்பிரேக்குக்கு ஆயில் வேண்டாம், அது கம்பி இழுத்துப் பின் சக்கரத்தை மட்டும் பிடிப்பது. அதனால்தான் அது அன்றைக்கு வேலை செய்தது. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சூடு ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிட்டது. முதல் கியரிலேயே ஊர்ந்து ஆழியாறு வந்து சேர்ந்தோம்.

அன்று நடந்தது என்ன என்பது எனக்குப் பிறகு விளங்கியது. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-உம் 140-உம். மலையிறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிபருக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஓடும்போதாவது காற்று பட்டுக் கொஞ்சம் ஆறும். நிறுத்தினால் டிஸ்க்கின் சூடு ஆயிலுக்குள் இறங்குகிறது. நான் வரையாடு பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விட்டிருக்கிறது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் அழுத்தியதெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விட்டது. ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலில் கரைந்துவிட, தடயமே இல்லை.

ஊருக்கு வந்து பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய ஆயில் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நான் வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. அது என் தவறு. மலைக்குப் போகாதவர்களும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்போது வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் ஆயிலை முழுதாக மாற்றி ஏர் எடுத்துக் கொடுத்தார்கள், அதாவது பைப்புகளில் நின்ற காற்றை வெளியேற்றினார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு பையன் சீட்டில் உட்கார்ந்து பெடலைத் தரை வரைக்கும் டப் டப் என்று மிதிக்கிறான், இன்னொரு பையன் சக்கரத்துக்கு அருகில் குந்தி, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுகிறான். பெடல் தரையில் மோதும் அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. மூன்று வாரம் கார் அருமையாக ஓடியது. அப்புறம்தான் அந்த சுந்தராபுரம் சிக்னல்.

மறுநாள் காலை எட்டரைக்கே காரைக் கொண்டுபோய் விட்டேன். சூப்பர்வைசர் தானே ஓட்டிப் பார்த்தார். தெருவைச் சுற்றி ஒரு வட்டம், நாற்பது வேகத்தில் போய் ஒரே மிதி. டயர் கிறீச்சிட்டு நின்றது. "பிரேக் சூப்பரா இருக்கு மேடம்." சும்மா அனுப்பவில்லை, முன் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட்களை மாற்றி, பின் டிரம்மில் உரசும் ஷூவை டைட் வைத்துக் கொடுத்தார்கள். நான்கு நாளில் மறுபடி இறங்கியது. இரண்டாம் தடவை போனபோது "உள்ள கொஞ்சம் ஏர் நின்னிருக்கும்" என்று மறுபடி ஏர் எடுத்தார்கள். அதே டப் டப். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தது, வாரத்துக்கு மூன்று முறையாகிவிட்டது.

மூன்றாம் தடவை சூப்பர்வைசர் பொறுமையாகவே பேசினார். ஆயில் டப்பாவில் அளவு ஒரு நூல்கூடக் குறையவில்லை, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை, நான்கு சக்கரத்திலும் கசிவு இல்லை. அவர் சொன்ன மூன்றும் உண்மை. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வலித்தது: "உங்க கால் வெயிட் பத்தல மேடம். நல்லா மிதிங்க, நிக்கும்."

பதினாறு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். என் காலுக்கு எது வழக்கம், எது வழக்கமில்லை என்று தெரியாதா? கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியத்திலேயே விடை இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கோபம் தணிந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், இடம், வண்டி எடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று, ஏசி உண்டா இல்லையா, எவ்வளவு நேரம் காலை வைத்திருந்தேன், எப்படி மிதித்தேன். ஒவ்வொரு முறை பெடல் இறங்கும்போதும் வீட்டுக்கு வந்து எழுதினேன். இறங்காத நாட்களையும் எழுதினேன், அதுதான் பிறகு பெரிதாக உதவியது. இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த நாட்களில் அந்தக் காரை நான் ஓட்டியிருக்கவே கூடாது. பிரேக் மேல் சந்தேகம் வந்த நாளிலிருந்து வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். பிள்ளையைப் பேருந்தில் அனுப்பினேன், நான் மட்டும் மெதுவாக ஓட்டினேன், ஆனாலும் சாலையில் மற்றவர்களும் இருந்தார்கள்.

பதினான்கு வரி சேர்ந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பிறகு, பெரும்பாலும் மாலை வெயிலில். எல்லாமே சிக்னலில் அல்லது ஒரு பாலத்து இறக்கத்தில் வரிசையில் நிற்கும்போது, கால் இருபது வினாடிக்கு மேல் பெடலில் இருந்த சமயம். 'எப்படி மிதித்தேன்' என்ற கட்டத்தில் பதினான்கு தடவையும் ஒரே வார்த்தை: இலேசாக. ஓங்கி மிதித்தபோது ஒருமுறைகூட வந்ததில்லை. ஒர்க்‌ஷாப்பில் வண்டி போவது காலை எட்டரைக்கு, ஆறிய எஞ்சினோடு. ஓட்டிப் பார்ப்பவர் மிதிப்பது ஓங்கி, ஒரு வினாடி. அவர்களுக்கு அது வரவே வராது.

பள்ளியில் உடன் வேலை செய்யும் ஒருவர் கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையைச் சொன்னார். தகரக் கூரை, இரண்டு கார் நிற்கும் இடம், ஒரு பெரியவரும் ஒரு உதவிப் பையனும். அறுபது வயது இருக்கும். நான் "பிரேக் சரியில்லைங்கண்ணா" என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மணி, பிரேக் சரியில்லைன்னா மூணு விதமுங்க. பெடல் கீழ இருக்குதா, மெத்துனு இருக்குதா, இல்ல எறங்குதா? இதுல எது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கீழே இருப்பது என்றால் மிதித்தவுடனே பெடல் பாதிக்கு மேல் போய்த்தான் பிடிக்கும், ஆனால் பிடித்த இடத்தில் நிற்கும். பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கும். மெத்தென்று இருப்பது என்றால் ரப்பர் பந்தை மிதிக்கிற மாதிரி திரும்பித் தள்ளும், உள்ளே காற்றோ ஆவியோ இருக்கும், இல்லை ஹோஸ் பைப் உப்பும். இறங்குவது என்றால் நல்ல உயரத்தில் கெட்டியாகப் பிடித்துவிட்டு, அப்புறம் தானாக நழுவும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. வால்பாறையில் எனக்கு வந்தது இரண்டாவது. சிக்னலில் வருவது மூன்றாவது. இரண்டையும் ஒரே வியாதி என்று நினைத்து ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"எறங்குதுங்கண்ணா" என்றேன். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "வெளிய ஆயில் போகல, உள்ள பெடல் எறங்குது. அப்ப ஆயிலு உள்ளயே வேற எங்கயோ போகுது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மாலை நாலு மணிக்கு, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு நேராகப் பட்டறைக்கு வரச் சொன்னார். எஞ்சினை நிறுத்தக் கூடாது என்றார்.

அப்படியே போனேன். அவர் சீட்டில் உட்காரவில்லை. கதவைத் திறந்து வெளியே முழங்காலிட்டு, கையை உள்ளே விட்டு, உள்ளங்கையால் பெடலை அழுத்தினார். பூரி மாவை அழுத்துகிற மாதிரி ஓர் அழுத்தம், அவ்வளவுதான். பட்டறையில் பேச்சு நின்றுவிட்டது. ஏறக்குறைய அரை நிமிடம் ஆகியிருக்கும். அவர் முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போவதை நான் பார்த்தேன். என் காலில் மட்டுமே இருந்த விஷயத்தை முதல்முறையாக இன்னொருவர் கையில் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எறங்குதுங்க அம்மணி" என்றார்.

உடனே எதையும் கழற்றவில்லை. முதலில், நம் மிதிக்குக் கூடுதல் பலம் தரும் பூஸ்டரைச் சோதித்தார். எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகிப்போகும்வரை நாலைந்து முறை மிதித்து, காலை அதிலேயே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டார்ட் ஆனதும் பெடல் ஓர் அங்குலம் கீழே போனது. நான் திடுக்கிட்டேன். அது நல்ல அடையாளம், எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் பூஸ்டருக்கு வந்து நமக்குக் கை கொடுக்கிறது என்று அர்த்தம், ஒரே தடவை இறங்கி நின்றுவிடும் என்றார். இதைப் பார்த்துப் பயந்து, பெடல் மிதியை ஆயிலின் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரை, அது நன்றாக இருக்கும்போதே மாற்றுகிறவர்களும் உண்டாம். நம்முடையது நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது.

அடுத்து, ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். பையனைப் பெடலை மெதுவாக மிதித்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு என் கையில் டார்ச்சைக் கொடுத்தார். "உள்ள பாருங்க." டப்பாவுக்குள் நடுவில் ஒரு சுவர், முன்னறை, பின்னறை. மிதித்த கணத்தில் இரண்டிலும் ஒரு சின்னத் துள்ளல் வந்து அடங்கியது, அது இயல்புதான். முன்னறை அப்படியே கண்ணாடி மாதிரி ஓய்ந்துவிட்டது. பூஸ்டர் பக்கம் இருக்கும் பின்னறையில், அடியிலிருந்து, நூல் பிரிந்த மாதிரி ஒரு மெல்லிய சுழி மேலே வந்துகொண்டே இருந்தது. சர்க்கரைப் பாகு தண்ணீரில் கரையும்போது ஓடுமே, அப்படி ஒரு நெளிவு. பையன் காலை எடுத்ததும் அது நின்றது. மறுபடி மிதித்தால் மறுபடி வந்தது.

சக்கரத்துக்குப் போக வேண்டிய ஆயில் திரும்பி டப்பாவுக்கே வருகிறது. அதனால்தான் அளவு குறையவில்லை. அளவு குறையாததால் விளக்கு எரியவில்லை. சூப்பர்வைசர் சொன்ன மூன்று உண்மைகளும் ஒரு நொடியில் பொருந்திவிட்டன.

பெரியவருக்கு அதுவும் போதவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே போகும் பைப்புகளைக் கழற்றி, அந்த வாய்களைச் சரியான மரையுள்ள போல்ட்டால் அடைத்தார். இப்போது ஆயிலுக்கு வெளியே போக வழியே இல்லை, பெடல் சுவர் மாதிரி நிற்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினார். இறங்கியது. சக்கரம், ஹோஸ், கேலிபர், டிரம் எல்லாமே அந்த ஒரு சோதனையில் கணக்கிலிருந்து கழிந்துபோயின. என் காரில் ஏபிஎஸ் இல்லாததால் வேலை இங்கே முடிந்தது. இருக்கிற காரில், நடுவிலுள்ள ஏபிஎஸ் பெட்டிக்குள்ளும் வால்வு கசியலாம், அதனால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்திருப்போம். அடைபட்ட திரவத்தின் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும். அந்த விதியில் 'அடைபட்ட' என்ற சொல் எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மாஸ்டர் சிலிண்டர் என்பது ஒரு குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன். ஊசி போடும் சிரிஞ்சின் முனையில் இருப்பது போல ஒவ்வொன்றிலும் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் வாஷர். பின்னால் இருக்கும் பிஸ்டன் ஒரு முன் சக்கரத்துக்கும் அதற்குக் குறுக்கே இருக்கும் பின் சக்கரத்துக்கும், முன்னால் இருப்பது மற்ற இரண்டுக்கும். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்றுதான் இப்படிப் பிரித்திருக்கிறார்கள். என் காரில் ஆயிலைத் திரும்ப விட்டது பின் பிஸ்டனின் வாஷர். அது நழுவி நழுவிப் போய் முன் பிஸ்டனில் முட்டியிருந்தாலும், அந்தப் பாதிப் பிரேக் எனக்கு இருந்திருக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

சரி, இலேசாக மிதித்தால் மட்டும் ஏன்? இதைத்தான் நான் அவரிடம் முதலில் கேட்டேன்.

"சைக்கிளுக்குக் காத்தடிச்சிருக்கீங்களா அம்மணி? தோல் வாஷர் தேஞ்ச பம்புல மெதுவா அமுக்கினா காத்து மேலயே போயிரும். வெடுக்குனு அமுக்கினா வாஷர் விரிஞ்சு பிடிச்சுக்கும். அதேதானுங்க."

அவ்வளவுதான். ஓங்கி மிதித்தால் ஆயிலின் அழுத்தமே கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டவைத்துவிடுகிறது, கீறல் மூடிக்கொள்கிறது. இலேசாக மிதித்தால் விளிம்பு விரிய அழுத்தம் போதாது, கீறல் வழியாக ஆயில் நழுவுகிறது. வண்டி சூடானால் ஆயில் இன்னும் இளகும், நழுவுவது எளிதாகிறது. காலையில் வராதது அதனால்தான். என் நோட்டின் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சைக்கிள் பம்பில் பதில் இருந்தது.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மேசை மேல் வைத்து, முனையிலிருக்கும் லாக்கை எடுத்து, பிஸ்டன்களை வெளியே இழுத்தார். பின் பிஸ்டனின் வாஷரைத் துடைத்து என் கட்டைவிரல் மேல் வைத்தார். கறுப்பாக, ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. "நகத்தை வெச்சு ஓரத்துல ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். முக்கால் வட்டம் வழவழவென்று போன நகம் ஓர் இடத்தில் தட்டியது. மயிரிழை அளவு ஒரு வெட்டு. மறுபடி ஓட்டினேன், அதே இடத்தில் தட்டியது. இவ்வளவு நாள் என்னை உறங்கவிடாமல் செய்தது அதுதான்.

குழலுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். வாய்ப்பக்கம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. தினமும் வாஷர் போய்வரும் பாதை அது. அதற்கும் உள்ளே, பிஸ்டன் சாதாரணமாகப் போகாத இடத்தில், கறுத்த கசடும் புள்ளி புள்ளியாக அரிப்பும். வருடக்கணக்காகத் தண்ணீர் கலந்த ஆயில் அங்கே தேங்கி அரித்திருக்கிறது.

"ஏர் எடுக்கறப்ப பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சாங்களா?"

டப் டப் சத்தம் நினைவுக்கு வந்தது. நாம் அன்றாடம் ஓட்டும்போது பெடல் கொஞ்ச தூரம்தான் போகும். ஏர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால் வாஷர் அதுவரை போகாத அந்தக் கரடுமுரடான பகுதியில் போய் உரசுகிறது. பழைய கார்களில் ஏர் எடுத்த பிறகு மாஸ்டர் சிலிண்டர் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்றார். முதல்முறை ஏர் எடுத்தபோது வெட்டு விழுந்திருக்கும், இரண்டாம் முறை பெரிதாகியிருக்கும் என்பது அவர் கணிப்பு. தேதிகளைப் பார்த்தால் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்தப் பையன்கள் வேண்டுமென்றே செய்ததில்லை. அவர்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான் மிதிக்கிறார்கள்.

வாஷர் கிட் மட்டும் போட்டால் செலவு குறைவுதான். குழல் அரித்துவிட்டதால் அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, புது அசெம்பிளி 2,400 ரூபாய் ஆனது. மாட்டும் முன் மேசையிலேயே அதற்குள் ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளிக் குமிழ் நிற்கும்வரை காற்றை எடுத்தார். பூஸ்டரின் தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு சின்னக் களிமண் உருண்டையை வைத்து, பொருத்தி, கழற்றி, அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தார். அங்கே இடைவெளியே இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் ஆயில் முழுதாகத் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே இருக்கும், ஓடஓடச் சக்கரம் சூடேறும். புதுச் சிலிண்டர் மாட்டி இன்னொரு கோளாறை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரப்பர் சாமான் எதையும் பெட்ரோலில் கழுவக் கூடாது, பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும் என்று பையனிடம் சொல்லிக்கொண்டே செய்தார். பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும்.

ஏர் எடுக்க என் பெண்ணை உட்காரச் சொன்னார். அன்று அவளும் வந்திருந்தாள். அதற்கு முன் பெடலுக்கு அடியில் ஒரு ரீப்பர் கட்டைத் துண்டை வைத்தார், பெடல் தரைக்குப் போகாதபடி. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கினார். நிப்பிளில் மீன் தொட்டிக்குப் போடும் தெளிவான குழாய், அதன் மறுமுனை ஆயில் ஊற்றிய தண்ணீர் பாட்டிலில்.

"மிதி கண்ணு... பிடி... விட்டுறாத... ம்ம்... இப்ப விடு."

இருட்டும் வரைக்கும் அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. குழாயில் முதலில் நுரையாக, அப்புறம் ஒவ்வொரு குமிழாக, கடைசியில் தெளிந்த ஆயில் மட்டும். நான்கு சக்கரமும் முடித்தார். மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருந்த இடத்தைச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சிந்திய பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

மறுநாள் மாலை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு சுந்தராபுரம் சிக்னலுக்குப் போனேன். சிவப்பு. காலை இலேசாக வைத்து மனதுக்குள் எண்ணினேன். அறுபத்தைந்து வரை எண்ணினேன். பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு வரியிலும் 'இறங்கியது' என்று எழுத வேண்டி வரவில்லை.

உங்கள் காரிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலைதான். நன்றாக ஓட்டிச் சூடேறிய பிறகு, சமதளத்தில், கைப்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பெடலை இலேசாக மிதித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். நின்றால் நல்லது. நழுவினால் அங்கேயே வண்டியை விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், 'பிரேக் சரியில்லை' என்று சொல்லாமல் 'பெடல் இறங்குகிறது' என்று சொல்லுங்கள்.

பழைய வாஷரைப் பெரியவர் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. சூப்பர்வைசர் விடுப்பில் இருந்தார். அன்றைக்குப் பெடல் மிதித்த பையன் இருந்தான். காகிதத்தைப் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றான். நகத்தை வைத்து ஓரத்தில் ஓட்டச் சொன்னேன். ஓட்டினான். ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடி ஓட்டினான். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

நடந்ததைச் சொன்னேன். கட்டை வைத்து ஏர் எடுத்ததையும் சொன்னேன். அவன் பின்பக்கம் போய் ஒரு பலகைத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.

"எவ்வளவு உசரம் வெச்சாருங்க மேடம்? இது போதுமா?"